லொறியா, புகையிரதமா என்பதன்று வழக்கு

கொழும்பு மாநகரின் குப்பையை எந்த வாகனத்தில் ஏற்றுவது என்பது பற்றி அறிஞர்கள் ஆராய்ந்திருக்கின்றனர். லொறியில் ஏற்றினால் எண்ணெய்ச் செலவு எவ்வளவு, புகையிரதத்தில் ஏற்றினால் மிச்சம் எவ்வளவு, பெட்டிகள் எத்தனை, பாரந்தூக்கிகள் எத்தனை என்று பக்கம் பக்கமாகக் கணக்குகள் எழுதப்பட்டுள்ளன. அந்தக் கணக்குகள் பிழையென்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஒரு வீட்டுக்காரன் தன் வீட்டுக் குப்பையை அயலவன் வளவிற் கொண்டுபோய்க் கொட்டுவதற்குக் கடகம் நல்லதா, தள்ளுவண்டி நல்லதா என்று ஊரைக் கூட்டி யோசனை கேட்டால், ஊரார் என்ன மறுமொழி சொல்வர்? கடகத்தின் குணங்குறைகளைப் பற்றியா பேசிக்கொண்டிருப்பர்?

நானாட்டானிலிருந்து எழுதுபவனுக்குக் கொழும்புக் குப்பையில் என்ன அக்கறை என்று வினவுவோரும் உளர். அவர்கள் ஒருமுறை இலங்கைப் படத்தை விரித்துப் பார்த்தல் நன்று. எமது பகுதியூடாக ஓடிக் கடலை அடையும் அருவியாற்றைக் கடந்து தெற்கே போனால் முசலி. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி தாண்டினால் வில்பத்துக் காடு. அக்காட்டின் தெற்கே கலா ஓயா கடலோடு கலக்கிறது. அவ்வாற்றின் தென்புறத்தே, புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுப் பிரிவில், சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக் கல் அகழ்ந்தெடுத்த குழிகள் வாய் பிளந்து கிடக்கின்றன. அந்த அருவாக்காட்டைத்தான் கொழும்பின் குப்பைக்குக் குடியிருப்பாகத் தெரிந்தெடுத்தார்கள். எமக்கும் அவ்விடத்துக்கும் இடையில் இருப்பது ஒரு காடு மட்டுமே.

இன்னுமொன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் மக்கள் முசலியிலிருந்தும் எருக்கலம்பிட்டியிலிருந்தும் ஏனைய ஊர்களிலிருந்தும் கையிற் கிடைத்ததோடு சென்று ஒதுங்கிய மண் புத்தளம். இன்றும் எமது ஊர்களில் ஒரு கால் புத்தளத்திலும் மறுகால் மன்னாரிலுமாக வாழும் குடும்பங்கள் பல. ஒருமுறை வீடு இழந்து போனவனுடைய இரண்டாவது வீட்டு வாசலிற்கான் இந்தக் குப்பை வந்து இறங்கியது. அதனைப் பார்த்துக்கொண்டு, இது வேறு மாவட்டத்து விவகாரம் என்று வாளாவிருத்தல் எமக்கு அழகன்று.

குப்பையின் யாத்திரை

கொழும்பின் குப்பை இடம்பெயர்ந்த வரலாறு சுருங்கச் சொல்லத்தக்கது. முதலில் அது புளூமெண்டாலில் மலையாகக் குவிந்தது. 2009 இல் அங்கே கொட்டுவது நிறுத்தப்பட்டதும் கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லைக்குச் சென்றது. தற்காலிக ஏற்பாடு என்றார்கள். சட்டத் தொழிலில் இருபது ஆண்டு கழித்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: அரசாங்கக் கடிதங்களில் ‘தற்காலிகம்’ என்ற சொல்லைக் கண்டால் அஞ்ச வேண்டும். அந்தத் தற்காலிகக் குவியல் ஏழெட்டு ஆண்டுகளில் வானுயர வளர்ந்தது. சுற்றியிருந்த ஏழை மக்கள் மறியல் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள், அடியும் வாங்கினார்கள். கேட்பாரில்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், அந்த மலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பத்திரண்டு உயிர்கள் மண்ணும் குப்பையுமாக மூடப்பட்டன. பண்டிகைப் பலகாரம் அடுப்பில் இருக்கையில் நேர்ந்த சாவு அது.

இத்தகைய கொடுமைக்குப் பின் ஆட்சியாளர் தம்மைத்தாமே கேட்டிருக்க வேண்டிய வினா, ‘இவ்வளவு குப்பை ஏன் சேர்கிறது?’ என்பது. அவர்கள் கேட்டதோ, ‘இதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்?’ என்பது. அதற்கு விடையும் ஆயத்தமாக இருந்தது. களனியிற் குப்பையைச் சேர்த்து, அழுத்தி, கொள்கலன்களில் அடைத்து, நாளொன்றுக்கு 1,200 தொன் வீதம், 170 கிலோமீற்றர் தூரம் புகையிரதத்தில் இழுத்துச் சென்று, அருவாக்காட்டுக் குழிகளிற் புதைப்பது. சீனக் கம்பனியொன்றுக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. புத்தளத்து மக்கள் 2018 இலும் 2019 இலும் கறுப்புக்கொடி கட்டினார்கள், கடையடைத்தார்கள், சத்தியாக்கிரகம் இருந்தார்கள். முஸ்லிம்களும் தமிழரும் சிங்கள மீனவரும் ஒரே பந்தலிற் குந்தியிருந்த காட்சியை இந்நாட்டில் அடிக்கடி காண முடியாது. குப்பை செய்த ஒரேயொரு நன்மை அதுதான் போலும்!

2019 ஓகஸ்டில் குப்பை வரத் தொடங்கியது. எதிலே வந்தது? சொன்ன புகையிரதத்திலா? இல்லை, லொறிகளில் வந்தது. புகையிரதத்தைக் காட்டித் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்றார்கள், லொறியை அனுப்பிக் காரியத்தைத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழிந்து ஒக்டோபர் 7 ஆந் திகதி மாலை அத்தளத்தில் வெடிப்பொன்று நிகழ்ந்தது. அழுகுங் குப்பையிலிருந்து எழும் மீதேன் வாயு தீப்பற்றக்கூடியது என்பது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்த இரசாயனம். நவீன முறைத் தளம், ஆபத்தே இல்லை என்று உறுதி சொன்னவர்களுக்கு அது தெரியாமற் போனதா?

வாகனக் கணக்கு

இனி, அவர்கள் விரும்பும் வாகனக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எதிர்க்கட்சிக்காரனின் சாட்சியையும் நேர்மையாக விசாரிப்பது வழக்கறிஞனின் கடன்.

லொறியொன்று பத்துத் தொன் சுமக்கும் என்று வைப்போம். 1,200 தொன்னுக்கு நாளொன்றுக்கு 120 லொறி. போக 170, வர 170, ஆக ஒவ்வொன்றும் 340 கிலோமீற்றர். எல்லாம் சேர்த்துப் பெருக்கினால் நாளொன்றுக்கு 40,800 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவே ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர்தான்! கொழும்பின் வாழைப்பழத் தோலையும் சோற்றுப் பருக்கையையும் சுமந்துகொண்டு தினமும் ஒருமுறை உலகத்தை வலம் வருகிறோம் என்று பொருள். வழியிலே நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் நகரங்களின் பாடசாலை வாசல்கள். வழி நெடுக வடியும் ஊத்தை நீர். உடைந்து போகும் வீதி. அமெரிக்க நாட்டு இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடத்திய வீதிப் பரிசோதனை ஒரு பெரிய உண்மையைக் காட்டியது: அச்சிலே தாங்கும் பாரம் இருமடங்கானால் வீதிக்கு வரும் சேதம் இருமடங்கன்று, பதினாறு மடங்களவாகும். அந்தச் சேதத்தைக் கொழும்பு மாநகர சபை கட்டிக் கொடுக்கப் போவதில்லை.

புகையிரதம் இதனினும் மேலானதே. ஒரு லீற்றர் எண்ணெயில் லொறி இழுக்கும் பாரத்தைப் புகையிரதம் மூன்று நான்கு மடங்கு தூரம் இழுத்துச் செல்லும். மூடிய கொள்கலனில் மணம் குறைவு, வடிதல் குறைவு. இரண்டு வண்டிகள் 120 லொறிகளின் வேலையைச் செய்து முடிக்கும். ஆகவே லொறிக்கும் புகையிரதத்துக்கும் இடையில் மட்டுந்தான் போட்டியென்றால் தீர்ப்புப் புகையிரதத்துக்கே.

ஆயினும் புகையிரதத்துக்கு ஒரு குணமுண்டு. லொறியை இன்று நூறாகவும் நாளை ஐம்பதாகவும் ஓட்டலாம். தண்டவாளமும் பாரந்தூக்கியும் அழுத்தும் பொறியும் கொள்கலனும் வாங்கிக் கோடி கோடியாகக் கடன்பட்டபின், வண்டி நாள்தோறும் நிறைந்து போக வேண்டும். பாதி வெறுமையாகப் போனால் நட்டம். குப்பை குறைவது அப்பொழுது மகிழ்ச்சிக்குரிய செய்தியாக இராது, வருமான இழப்பாகிவிடும். தீனிக்குப் பழகிய யானையைப் பட்டினி போட எந்தப் பாகன் துணிவான்? நகரத்துக் குப்பையைக் குறைப்பதற்கென்று தொடங்கிய திட்டம், நகரத்துக் குப்பை குறையாமற் காவல் காக்கும் திட்டமாக மாறுவது இவ்வாறுதான். அத்துடன் புத்தளப் பாதை பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். ஓரிடத்தில் வண்டி தடம் புரண்டாலும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தாலும் கொள்கலன்களுக்குள்ளே குப்பை கொதிக்கத் தொடங்கும். காலையில் வேலைக்குப் போகும் பயணிகள் வண்டி முந்துவதா, குப்பை வண்டி முந்துவதா என்ற கேள்வியும் எழும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கேள்வி, அந்த வண்டி சுமப்பது என்ன என்பது. எமது நாட்டு நகரக் குப்பையிற் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவும் சந்தைக் கழிவுமாகும். அக்கழிவின் பாரத்தில் மூன்றிலிரண்டு பங்குக்குக் குறையாமல் வெறும் தண்ணீர். குறைத்துக் கணக்கிட்டாலும், 1,200 தொன்னில் 600 தொன் கழிவு; அதிலே 400 தொன் தண்ணீர். வரட்சி மண்டலமாகிய புத்தளத்துக்கு, குடிக்க உதவாத தண்ணீரை நாள்தோறும் 400 தொன் வீதம் புகையிரதமேற்றி அனுப்புகிறார்கள்! கட்டுக்கரைக்குளத்துக்கு ஒரு மதகு திருத்தப் பணம் கேட்டால் கோவை காணாமற் போகிறது. ஊத்தைத் தண்ணீருக்குத் தண்டவாளம் உடனே கிடைக்கிறது.

யார் பொறுப்பு?

சட்டம் என்ன சொல்கிறது? 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், 129 ஆம் பிரிவு முதல் 131 ஆம் பிரிவு வரை, இவ்விடயத்தை ஐயத்துக்கிடமின்றிக் கூறுகிறது. வீதியைக் கூட்டுவதும் கழிவை அகற்றுவதும் சபையின் கடமை. சேகரித்த கழிவு சபையின் சொத்து. அதனை முறைப்படி ஒழிப்பதற்கு வசதியான இடங்களை அமைப்பதும் சபையின் பொறுப்பு. சொத்து என்று சட்டம் சொல்லும்போது அதை விற்கும் உரிமை சபைக்கு உண்டு. அச்சொத்து பிறருக்கு விளைக்கும் தீங்குக்கு விடை கூறும் பொறுப்பும் அச்சபைக்கே உண்டு. உரிமையைக் கையிலே வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் புகையிரதத்தில் ஏற்றி அனுப்பலாமா?

குடிமகனுக்கு என்ன பரிகாரம் உண்டு என்று பாருங்கள். அயலவன் குப்பை நாறினால் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்து 98 ஆம் பிரிவின்கீழ் நீதவானிடம் போகலாம். பொதுத் தொல்லையை அகற்றுமாறு அவர் கட்டளையிடலாம். எளிய மனிதனுக்குக் கிடைத்த அருமையான பிரிவு அது. நானே அதனைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் நாற்றம் வண்ணாத்திவில்லில், நாற்றத்தை உண்டாக்கியவன் கொழும்பில், ஒப்பந்தக்காரன் கடல் கடந்த தேசத்தில், அமைச்சு இன்னொரு மாடியில் என்றால் எந்த நீதவான் எவரை அழைப்பார்? நீதவானின் கட்டளை அவருடைய எல்லைக்குள் இருப்பவனைக் கட்டும். குற்றத்தின் வேரோ 170 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது.

வாக்கின் கதையும் அதுவே. கொழும்பிற் குப்பை தேங்கினால் கொழும்பு வாக்காளன் அடுத்த தேர்தலில் மாநகர முதல்வரைத் தோற்கடிப்பான். அந்தப் பயத்தினாலேதான் அங்கே குப்பை வண்டி விடியற்காலையில் வருகிறது. வண்ணாத்திவில்லுக் குடியானவனுக்குக் கொழும்பு மாநகர சபையில் வாக்கில்லை. அவனுக்கு வாக்குள்ள பிரதேச சபைக்கோ கொழும்பின் குப்பைமீது அதிகாரமில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே குப்பை ஓரிடத்தது, வாக்கு வேறிடத்தது. குப்பையைத் தூரமாக அனுப்புவதன் உண்மையான இலாபம் எண்ணெய்ச் சிக்கனமன்று. குப்பையையும் வாக்கையும் வெவ்வேறு தொகுதிகளிற் பிரித்து வைத்துவிடுவதே அந்த இலாபம். தண்டவாளம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் பொறுப்பும் விலகிப் போகிறது. எனது வழக்கு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். மற்றவையெல்லாம் சான்றுகள்.

1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் பெருந் திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீட்டறிக்கை வேண்டுமென்கின்றன; பொதுமக்கள் முப்பது நாட்களுக்குள் அதுபற்றிக் கருத்துக் கூறலாம். முப்பது நாள்! பொறியியலாளர் பலர் மாதக்கணக்காக எழுதிய தடித்த நூலை, கடலுக்குப் போய்த் திரும்பும் கரைவலைக்காரன் முப்பது நாளிற் படித்துத் தொழில்நுட்ப ஆட்சேபம் எழுத வேண்டுமாம்.

பிற நாடுகளிலும் இந்தக் கூத்து நடந்ததுண்டு. 1987 இல் நியூயோர்க் மாநிலத்து ஐசிலிப் என்னும் ஊரின் குப்பை சுமார் மூவாயிரம் தொன், ‘மோப்ரோ 4000’ என்ற தட்டைத் தோணியில் ஏற்றப்பட்டு வட கரோலினாவுக்குப் புறப்பட்டது. அங்கே இறக்க விடவில்லை. மற்ற மாநிலங்களும் விரட்டின. மெக்சிக்கோ தன் கடலுக்குள் வரக்கூடாதென்றது; பெலீஸ் நாடும் மறுத்தது. மாதக்கணக்காக அலைந்து திரும்பி வந்து, நியூயோர்க்கின் புறூக்ளினில் எரிக்கப்பட்டது. சாம்பல் எங்கே புதைக்கப்பட்டது தெரியுமா? புறப்பட்ட ஐசிலிப்பிலேயே! தோணிச் செலவு மட்டும் மிச்சம்.

எமது உறவினர் ஆயிரக்கணக்கில் வாழும் ரொறன்ரோவின் கதை இன்னும் பொருத்தமானது. அந்நகரத்தார் தம் குப்பையைச் சுமார் 600 கிலோமீற்றர் வடக்கே, அடம்ஸ் என்ற கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கத்துக்குப் புகையிரதத்தில் அனுப்பத் திட்டமிட்டனர். சுரங்கக் குழி, புகையிரதம், தூரத்து ஏழைப் பிரதேசம்: அருவாக்காட்டின் அச்சொட்டான பிரதி. அப்பகுதி விவசாயிகளும் ஆதிக்குடிகளும் எதிர்த்தெழுந்தனர். 2000 ஒக்டோபரில் திட்டம் கைவிடப்பட்டது. 2004 இல் ஒன்ராறியோச் சட்டசபை சட்டமியற்றி அதனை அடியோடு மூடியது. இடையில் ரொறன்ரோ என்ன செய்தது? லொறிகளை எல்லை கடந்து அமெரிக்காவின் மிச்சிகனுக்கு ஓட்டியது. மிச்சிகன் மக்கள் கூக்குரலிட்டனர். 2010 முடிவோடு அதுவும் நின்றது. இந்த அலைச்சலுக்கு நடுவே அந்நகரம் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே: 2002 முதல் சமையற் கழிவுக்கென்று வீடு தோறும் பச்சைத் தொட்டி கொடுத்துத் தனியே சேகரித்தது. ஸ்காபரோவில் இருக்கும் எமது ஊர்ப் பெண்கள் மீன் செதிளையும் கறிவேப்பிலைக் காம்பையும் பச்சைத் தொட்டியிற் போடப் பழகிக்கொண்டார்கள். கொழும்பு மாந்தருக்கு மட்டும் அது கைவராதா?

கொழும்பிலும் 2017 நவம்பர் முதலாந் திகதியிலிருந்து தரம் பிரித்துத் தராத குப்பை ஏற்கப்படாதென்று கட்டளை பிறந்தது. கட்டளை நல்லதே. கடைசியில் எல்லாவற்றையும் ஏற்றிப் போகத் தூரத்திற் குழியொன்று காத்திருக்கிறதென்று தெரிந்தால், எவன் சிரமப்பட்டுப் பிரிப்பான்? எவன் பிரிக்கச் சொல்லிக் கண்டிப்பான்?

ஆங்கிலேயன் குப்பையும் அருவாக்காட்டுக் குப்பையும்

ஒரு செய்தியை வாசகர் மறந்திருக்க மாட்டார். பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தையும் கம்பளமும் பிற கழிவும் நிறைந்த கொள்கலன்கள் நூற்றுக்கணக்கிற் கொழும்புத் துறைமுகத்தில் வந்து கிடந்தன. நாடே கொதித்தது. இலங்கை என்ன வெள்ளைக்காரனின் குப்பைத் தொட்டியா என்று கொழும்புப் பத்திரிகைகள் முழங்கின. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றது. 242 கொள்கலன்களைத் திருப்பியனுப்புமாறு 2020 இல் மன்று கட்டளையிட்டது. 2022 பெப்ரவரியிற் கடைசிக் கொள்கலன்களும் கப்பலேறின. மிக நன்று, நாமும் கைதட்டினோம். 1989 ஆம் ஆண்டின் பாசல் உடன்படிக்கை, கழிவானது இயன்றவரை அது தோன்றிய நாட்டிலேயே ஒழிக்கப்பட வேண்டும் என்ற கொள்கையைத் தன் முகவுரையிற் கூறுகிறது. அந்தக் கொள்கையின் நிழலிற்றான் இலங்கை தலைநிமிர்ந்து நின்றது.

இப்பொழுது கேட்கிறேன்: லண்டன் மாநகரத்தான் கொழும்புக்குக் குப்பை அனுப்பினால் அது மானப் பிரச்சினை, கொழும்பு மாநகரத்தான் புத்தளத்துக்கு அனுப்பினால் அது நகர அபிவிருத்தியா? கடலைக் கடந்தால் அநியாயம், கலா ஓயாக் கரைக்கு வந்தால் நியாயமா? உடன்படிக்கை நாடுகளுக்கிடையே தான் செல்லும், மாவட்டங்களுக்கிடையே செல்லாது என்று எதிர்வாதி சொல்வார். சட்டத்தின் எழுத்து அவர் பக்கம் இருக்கலாம். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பதற்குச் சட்டப் பிரிவு எதற்கு?

புத்தளத்தார் இதுவரை சுமந்தது போதாதா? சீமெந்துத் தூசியைச் சுமந்தார்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி மின்னிலையத்தின் சாம்பலைச் சுமக்கிறார்கள். வெளிச்சம் நாடு முழுவதற்கும், சாம்பல் அவர்களுக்கு. இவற்றுக்குமேல் தலைநகரின் எச்சிலையும் அவர்களே சுமக்க வேண்டுமாம்! ஒல்லாந்தர் ஆட்சியிற் கறுவாப்பட்டை அந்தக் கரையோரக் கால்வாய் வழியாகக் கொழும்புக்குப் போயிற்று. நறுமணத்தை வாங்கிக்கொண்ட கொழும்பு மறுவழியாக அனுப்பும் பண்டத்தைப் பாருங்கள்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரே இரவில் தடை செய்தது. சேதனப் பசளையே இனி எல்லாம் என்றார்கள். வன்னி வயல்களும் எமது நானாட்டான், முருங்கன் வயல்களும் யூரியாவின்றி மஞ்சள் பூத்து நின்றதை விவசாயி மறப்பானா? சேதனப் பசளை எங்கே என்று கேட்டோம். சீனாவிலிருந்து கப்பல் வருகிறது என்றார்கள். வந்த சரக்கிற் கேடான கிருமி உண்டென்று எமது விஞ்ஞானிகள் கண்டு தடுத்தார்கள். சரக்கு இறங்கவில்லை, பணம் மட்டும் இறங்கியது. 2022 ஜனவரியில் மக்கள் வங்கி ஏறத்தாழ 69 இலட்சம் அமெரிக்க டொலரை அக்கம்பனிக்குக் கட்டியது. பசளைக்காக அந்நிய நாட்டுக்குப் பணம் கொடுத்த அதே காலத்தில், பசளையாகக்கூடிய பொருளை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தொன்னாகக் கொழும்பு புதைத்தும் எரித்தும் கொண்டிருந்தது! சமையற் கழிவைத் தனியே பிரித்து முறைப்படி மக்க வைத்தால் அதன் பாரம் பாதியாகக் குறையும். எஞ்சுவது வயலுக்கு உரம். பிரிக்காத குப்பையில் ஆக்கிய உரத்திற் கண்ணாடித் துண்டும் மின்கலத்து நஞ்சும் இருக்கும். அதனை விவசாயி வாங்க மாட்டான், வாங்கவும் கூடாது. ஆகவே எல்லாம் வீட்டு வாசலிற் பிரிப்பதிலே தங்கியிருக்கிறது. வண்டியின் சக்கரத்திலே அன்று.

புகையிரதம் வேண்டாமென்று நாம் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம். பிரித்து, மக்க வைத்து, விற்கத்தக்கதை விற்று, கெரவலப்பிட்டியவில் 2021 முதல் இயங்கும் 10 மெகாவாற் மின்னிலையம் போன்றவற்றுக்கு உலர்ந்ததைக் கொடுத்து, அதன்பின்னும் எஞ்சும் சிறு பகுதியை எங்கேனும் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் புகையிரதத்திற் கொண்டுபோகலாம். அப்பொழுதும் ஏற்கும் ஊரின் சம்மதத்தோடு கொண்டுபோக வேண்டும். திரும்பும் வண்டி வெறுமையாக வரவேண்டியதில்லை என்பதைப் போலவே, போகும் வண்டி நஞ்சோடு போகவேண்டியதுமில்லை. சேதனப் பசளை ஏற்றிய வண்டி முருங்கன் நிலையத்தில் வந்து நிற்குமாயின், நாமே மாலை போட்டு வரவேற்போம்!

முருங்கன் நிலையத்தின் பெயரை எடுத்ததற்குக் காரணமுண்டு. 1990 இல் அழிந்த தலைமன்னார்ப் பாதை 2013 இல் மடு வரையும், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரையும் மீண்டும் திறக்கப்பட்டது. கால் நூற்றாண்டு காத்திருந்து பெற்ற பாதை அது. அருவாக்காட்டுக் குழிகள் என்றென்றைக்கும் நிறையாதிருக்கப் போவதில்லை. அவை நிறையும் நாளில், தண்டவாளமும் தரிசு நிலமும் ஒருங்கே உள்ள இடம் எதுவென்று கொழும்பில் எவனாவது படத்தில் விரல் வைத்துத் தேடினால், விரல் எங்கே வந்து நிற்கும்? ‘ஆளில்லாத வரண்ட நிலம்’ என்று கொழும்பிலிருந்து பார்ப்பவனுக்குத் தோன்றும் இடத்தில் எமக்கு மேய்ச்சல் தரையும் இறால் வளரும் களப்பும் இருக்கின்றன. 2010 இல் ராம்சார் ஈரநிலமென உலகம் ஏற்றுக்கொண்ட வங்காலைச் சரணாலயமும் இருக்கிறது. இது நடக்கும் என்று நான் சோதிடம் சொல்லவில்லை. 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கியபோது, முன்னரே ஏன் பேசவில்லை என்று எம்மைக் கேட்டவர்கள் உண்டு. ஆகவே இம்முறை முன்னரே பேசுகிறோம்.

எமது வளவையும் கூட்ட வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் 93 முதல் 95 வரையான பிரிவுகளில், கொழும்புக்கு விதித்த அதே கடமையை நானாட்டானுக்கும் விதித்திருக்கிறது. கடைத்தெருக் குப்பையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் காட்டோரத்தில் கவிழ்ப்பதற்கும் அருவாக்காட்டுக்கு அனுப்புவதற்கும் தூரத்தில் மட்டுமே வேறுபாடு. பொலித்தீன் தின்று வயிறு வீங்கிச் சாகும் மாடு எவன் வீட்டு மாடானாலும் மாடுதான். நாம் பிரிக்காமல் மற்றவனைப் பிரிக்கச் சொன்னால் அவன் சிரிப்பான். சிரிக்க அவனுக்கு உரிமையும் உண்டு.

எனவே விண்ணப்பமொன்று எழுதி மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் மேல் மாகாண சபைக்கும் கொழும்பு மாநகர சபைக்கும், நகலொன்று நானாட்டான் பிரதேச சபைக்கும் அனுப்புவோம். பிரிக்காத குப்பையை மாகாண எல்லைக்கு வெளியே லொறியிலோ புகையிரதத்திலோ ஏற்றலாகாது என்பது முதற்கோரிக்கை. ஏற்கும் பிரதேச சபையின் தீர்மானமின்றி எக்கழிவும் அங்கே இறங்கலாகாது. அனுப்பும் சபையே நட்டஈட்டுப் பணத்தை முன்கூட்டி வைப்பிலிட வேண்டும். வழக்கெழுந்தால் ஏற்கும் ஊரின் நீதவான் மன்றிலேயே தோன்றி விடையளிக்க வேண்டும். மதிப்பீட்டறிக்கைகள் தமிழிலும் முழுமையாக வெளிவந்து, முப்பது நாள் தொண்ணூறு நாளாக வேண்டும். எமது சபை ஆறு மாதத்துக்குள் கடைத்தெருவிலும் பாடசாலைகளிலும் பிரித்துச் சேகரிப்பதைத் தொடங்க வேண்டும். நானாட்டானிலும் முருங்கனிலும் வங்காலையிலும், ஆற்றுக்கப்பால் சிலாவத்துறையிலும் கையொப்பம் சேர்ப்போம். கையொப்பமிடுவோர் முழு முகவரியையும் தெளிவாக எழுதுக. முகவரியில்லாத கையொப்பத்தைக் கந்தோர்களில் எண்ணிக்கையிற் சேர்ப்பதில்லை.